கொஞ்ச நேர அப்பா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஆனால் இந்த எட்டு மாதத்தில் என் வயிற்றை மட்டும் ஒரு தடவைகூடத் தொடவில்லை. முன்னால் இரண்டு தங்காமல் போயின. அப்போதெல்லாம் விடிந்தால் அவருக்கு என் வயிற்றோடுதான் பேச்சு. இப்போது, தொட்டால் இதுவும் போய்விடும் என்று பயம். கேட்டால் கை அழுக்கு என்பார். வீட்டில் சோப்பா இல்லை என்று கத்தியும் பார்த்துவிட்டேன். அந்தக் கைக்கு நான் எப்படி ஏங்கினேன் என்று அவருக்கு எங்கே புரியப்போகிறது?

பிறப்பதற்கு முன்பே குழந்தைகள் டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள் என்று பிரசவ ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். போனோம். அங்கே ஆளுக்கொரு குழந்தை. நாங்கள் மட்டும் கையை வீசிக்கொண்டு. பக்கத்திலிருந்த பெண் பாத்ரூம் போக எழுந்தவள், "கொஞ்சம் பிடிங்கண்ணா" என்று தன் பிள்ளையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மனுஷன் மூச்சுக்கூட விடவில்லை.

அதற்குள் கதவு திறந்தது. இந்த டாக்டரம்மா கண்ணுக்குக் குழந்தை மட்டும்தான் தெரியும், தூக்கி வந்தவர் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று சொல்வார்கள். "வாங்கப்பா" என்று கூப்பிட்டார். இவரும் பிள்ளையோடு உள்ளே போனார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி, ராத்திரி தூங்குகிறானா என்று கேட்டார். எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"தூங்குவான் டாக்டர். நான் மெல்லத் தட்டிக் கொடுத்தா தூங்கிடுவான்."

பச்சைப் பொய். எத்தனை நாளாக மனசுக்குள்ளேயே தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாரோ.

அந்தப் பெண் அடித்துப் பிடித்து ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், பிறகு என் வயிற்றை. கோபப்படவில்லை. அவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு, நாங்கள் என்ன கேட்க வந்தோம் என்று விசாரித்தார். வீட்டில் யோசித்து வைத்ததெல்லாம் இவருக்கு மறந்துவிட்டது.

"தொட்டா ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

"அவன் தலையை எவ்வளவு பதமா தாங்கியிருந்தீங்க. இந்தக் கைக்கா பயம்?"

தெருவுக்கு வந்த பிறகும் அவர் இடது கை மடங்கியே இருந்தது. அதை இறக்குங்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றேன். இறக்கினார். பஸ் நிறுத்தத்தில், அத்தனை பேர் பார்க்க, என் வயிற்றில் வைத்தார்.

அன்றைக்கென்று பார்த்து உள்ளே ஓர் அசைவும் இல்லை. தூங்குகிறது என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. மெல்லத் தட்டிக் கொடுத்தார்.