உள்ளங்கை சொன்ன பொய்

"பிளட் குரூப் என்ன தம்பி?" என்று பெண்ணின் அப்பா கோவிந்தராஜன் கேட்டபோதுதான் விச்சுவின் கழுத்தில் முதல் ஊசி இறங்கியது.

"பி பாசிட்டிவ் சார்," என்றான். கை சொறிய மேலே போகப் பார்த்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

ஆறு மாதத்துக்கு முன்பு வந்த வரன் தோல் வியாதியை மறைத்து, நிச்சயம் வரை போய்விட்டான். அதற்குப் பிறகு கோவிந்தராஜன் மாப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, தோலைத்தான் பார்க்கிறார். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் சரக்கு சோதித்த கண். ஆட்டோவிலேயே அம்மா சொல்லியிருந்தாள்: "எங்க அரிச்சாலும் சொறியாதடா. பொண்ணு கை நழுவிடும்."

பெண் தேஜஸ்வினியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து விச்சு சரியாகத் தூங்கவில்லை. அவளுக்காகத்தான் நடைபாதைக் கடையில் அந்தக் கழுத்து மூடிய கம்பளி ஸ்வெட்டரை வாங்கினான். உள்ளங்கையால் மூன்று முறை தடவிப் பார்த்தான். வெண்ணெய்! உள்ளே சட்டை போட்டால் தொப்பையை எடுத்துக் காட்டும் என்று வெறும் உடம்பில் மாட்டிக்கொண்டான். இன்ஜினியரிங் படித்தவன்.

இப்போது மார்பு, முதுகு, அக்குள் எங்கும் ஆயிரம் எறும்பு. புனேயின் ஔந்து பகுதி ஜனவரிக் குளிரில் அவனுக்கு வியர்த்தது. வியர்வை பட்டதும் எறும்புகள் பல்லைத் தீட்டிக்கொண்டன. விச்சு தலையை லேசாகச் சாய்த்துக் கழுத்தைத் தோளில் தேய்த்தான்.

கோவிந்தராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். "கழுத்துல என்ன தம்பி, சிவப்பா?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஸ்வெட்டர்ப்பா," என்றாள் அவல் போஹா தட்டோடு வந்த தேஜஸ்வினி. துணி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஸ்வெட்டரின் கையோரத்தைக் குனிந்து பார்த்தாள். "தடி இழை. முப்பது மைக்ரானுக்கு மேல போனா வளையாது, நுனி நேரா குத்தும். மெல்லிசா இருந்தா தோல்ல பட்டதும் மடங்கிடும். கையால தடவித்தானே வாங்கினீங்க?"

"ஆமா."

"உள்ளங்கைத் தோல் தடிப்பு. அதுக்குக் குத்தறதே தெரியாது. கழுத்துல வச்சுப் பாத்திருக்கணும்."

"கதை நல்லா இருக்கு," என்றார் கோவிந்தராஜன். "கழட்டுங்க தம்பி. நான் போட்டுப் பாக்கறேன்."

"அப்பா!"

"சோதிக்காம நான் எதையும் பாஸ் பண்ணினதில்ல."

உள்ளே எதுவும் போடவில்லை என்பதை விச்சு எப்படிச் சொல்வான்? கழற்றினான். திட்டுத் திட்டாகச் சிவந்த மார்பை அம்மா தன் முந்தானையால் மூடப் பார்த்தாள். தேஜஸ்வினி மிகுந்த அக்கறையோடு மின்விசிறியைப் பார்த்தாள்.

கோவிந்தராஜன் தன் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டருக்குள் புகுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நிமிடம், "ஒண்ணும் இல்லியே." இரண்டாவது நிமிடம் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் ஒரு தோள் உயர்ந்தது. நான்காவதில் இரண்டு கையும் கழுத்துக்குப் போயின.

"எடுங்கடா இத!"

கழுத்து வழியே தலை வரவில்லை. ஒரு கையை விச்சுவும் மறு கையைத் தேஜஸ்வினியும் பிடித்து இழுத்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:

"முகூர்த்தத்த மே மாசம் வச்சுக்கலாம். நல்ல வெயிலா இருக்கும்."