வாஸ் வாத்தியாரின் பாவசங்கீர்த்தனம்

தொம்மை வாஸ் வாத்தியாருக்கு அந்த வருஷம் பள்ளி திறந்த அன்றே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. மருந்து குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை. பாளையங்கோட்டையில் அவர் வேலை பார்த்த கத்தோலிக்கப் பள்ளியில், பத்தாம் வகுப்பு மறைக்கல்வியை அவரிடமிருந்து எடுத்து ததேயுஸ் சாமியிடம் கொடுத்துவிட்டார்கள். சேர்ந்தமரத்துக்காரர். குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பொடியன் என்பது வாத்தியாரின் கணிப்பு.

பத்தாம் வகுப்பு என்றால் சும்மாவா? திரித்துவம், அருள், மறுவாழ்வு என்று இறையியலின் பெரிய சங்கதியெல்லாம் அங்கேதான். புன்னக்காயலில் தோணி ஓட்டுகிறவன்கூட இன்றைக்கும் வாத்தியாரைப் பஸ்ஸில் கண்டால், அவர் மனப்பாடம் செய்யவைத்த பதிலை ஒப்பித்துவிட்டுத்தான் சௌக்கியம் கேட்பான். அவருக்கு இப்போது எட்டாம் வகுப்பு.

"அஸ்திவாரம் போட உங்கள மாதிரி ஆளு வேணும்லா அண்ணாச்சி" என்றார் தலைமையாசிரியர். அஸ்திவாரத்தை மண்ணுக்குள்ளேதான் புதைப்பார்கள் என்பது வாத்தியாருக்குத் தெரியாதா என்ன?

இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. திரித்துவத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தார். கத்தோலிக்கப் பையன்களோடு மேலப்பாளையத்து நாசரும் உட்கார்ந்திருந்தான். மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வேறு அறையில் நன்னெறி வகுப்பு. மணி அடித்ததும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, இங்கன நீ என்ன செய்யுத?"

"நன்னெறி சார் லீவு சார். சாமிகிட்ட கேட்டுத்தான் உக்காந்தேன். நல்லா சொல்லுதாரு சார். எதுத்துக் கேள்வி கேட்டாக்கூட அடிக்க மாட்டேங்காரு."

பிரம்பை வாத்தியார் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

"என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? குழம்புல உப்பு இல்லியா?" என்றாள் மனைவி லெயோனி.

"எல்லாம் இருக்கு" என்று எழுந்துவிட்டார். பொறாமை தலையான பாவங்களில் ஒன்று என்று வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்த மனுஷன், எனக்குப் பொறாமை என்று யாரிடம் சொல்வார்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ததேயுஸ் சாமியிடமே சொன்னால் என்ன? செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், மண்டியிட்டு, உருகிச் சொன்னால் எந்த மனசு இளகாது? பெரியவரை நோகடித்துவிட்டோமே என்று பதறிப்போய், வகுப்பைத் திருப்பித் தந்துவிடமாட்டாரா?

சனிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்குப் போனார். பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டு இரண்டில், வலதுபக்கக் கூண்டில் காது மந்தமான பங்குச்சாமி; அங்கே ஆளே இல்லை. இடதுபக்கம் ததேயுஸ் சாமி. பையன்கள் வரிசை கட்டி நின்றார்கள். பாவத்தைச் சொல்லவும் இங்கேதான் கூட்டமா என்று அதற்கும் ஒருமுறை பொருமிவிட்டு, வரிசையில் நின்றார்.

"சுவாமி, பொறாமைப்பட்டேன். பத்தாம் வகுப்ப என்கிட்ட இருந்து வாங்கின ஒரு இளம் சாமியார் மேல."

பாவசங்கீர்த்தனத்தில் அடுத்தவரை அடையாளம் காட்டக்கூடாது என்பது அவரே சொல்லிக்கொடுக்கிற பாடம்தான்.

"அந்தச் சாமியாருக்காகவும் அவர் வகுப்புக்காகவும் ஒரு மாசம் தினமும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க. இதான் பரிகாரம்" என்றது கூண்டின் கம்பிவலைக்கு அந்தப் பக்கத்துக் குரல். கொஞ்சம் நடுங்கியதுபோல் இருந்தது. பலித்துவிட்டது என்று வாத்தியார் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. ததேயுஸ் சாமி எதிரே வந்தால் எப்போதும்போல் கும்பிட்டார், எப்போதும்போல் சிரித்தார். வகுப்பைப் பற்றி மூச்சே இல்லை. கல்நெஞ்சன் என்று வாத்தியார் மனசுக்குள் திட்டினார்.

வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் பாவசங்கீர்த்தனப் பாடம். விடுதியில் இருக்கும் கர்வாலோ எழுந்தான்.

"சார், விடுதி மாமரத்துல களவாண்டேன்னு சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னா, சாமி மரத்துக்கு வேலி போட்டுருவாரா?"

"போடக்கூடாதுலே. அங்கன கேட்டத வச்சு வெளிய ஒரு துரும்பக்கூட அசைக்கக்கூடாது."

"முன்னாலயே வேலி போடணும்னு நெனச்சிருந்தாருன்னா?"

"அப்பவும் ஆண்டவருக்குப் பயந்த சாமியாரா இருந்தா கைய வைக்கமாட்டாரு. கேட்டதுனாலதான் போட்டாருன்னு ஆயிரக்கூடா..."

வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டுப் பலகைத் தட்டியைத் திரும்பிப் பார்த்தார். கர்வாலோ உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றான்.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் வராந்தாவில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். பத்தாம் வகுப்ப வாஸ் சார்கிட்டயே குடுத்துரலாம், அவரு அளவுக்கு எனக்கு வராதுன்னு போன வெள்ளிக்கிழமதான் ததேயுஸ் சாமி வந்து சொன்னாரு. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். இப்ப என்னடான்னா, இப்போதைக்கு வேண்டாம், இருக்கபடியே இருக்கட்டும்ங்காரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வாத்தியார்.

காலியான வகுப்புக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைய பரலோக மந்திரம் இன்னும் பாக்கி இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பாடம் முடிந்தும் கலையாத பத்தாம் வகுப்பு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, அவர்களுக்காக வேண்ட ஆரம்பித்தார்.