பூட்டிய அறையில் ஒரு பயிற்சி நாள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய அறை வாசலில் 'கவுன்சிலர்' என்று ஒரு பலகை தொங்கியது. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு வழி சொல்வதற்காக நியமிக்கப்பட்டவள் அவள். பிள்ளைகளுக்கு அவள் 'கவுன்சிலர் மிஸ்'. ஆனால் பலகையைப் பார்த்துவிட்டு முதலில் வந்தவர் தெருக்கோடி வீட்டுக்காரர். சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் தண்ணீர், ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலர் அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். குறுக்கே பேசக்கூடாது என்பது தொழில் பழக்கம். 'நான் அந்தக் கவுன்சிலர் இல்லை' என்று சொல்ல மிஸ்ஸுக்கு இடமே கிடைக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இப்படிக் காது குடுத்துக் கேட்டதில்லம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர், மறுநாள் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாக்கடை அப்படியேதான் இருந்தது. அவர்கள் முகம் மட்டும் தெளிந்திருந்தது.

அறை என்று சொன்னதுகூட மரியாதைக்குத்தான். அது விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் இடம். கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும் நேரம் பார்த்து விளையாட்டு வாத்தியார் உள்ளே நுழைவார். "நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே மூலையில் கிடக்கும் வலையைப் பிடித்து இழுப்பார். வலையோடு ஹாக்கி மட்டைகளும் சடசடவென்று சரியும். தொண்டையைக் கனைத்த பிள்ளை எழுந்து அவருக்கு மட்டை பொறுக்கிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடும்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாளாம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் ஒரு சொல் வராது. வாராவாரம் மிஸ்ஸுக்கு எதிரே வந்து உட்காருவாள், காற்றுப்போன பந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மணி அடித்ததும் போய்விடுவாள். படித்த வித்தையெல்லாம் மிஸ் காட்டிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. தான் உதவுகிறோமா, இன்னும் பயமுறுத்துகிறோமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் முழுக்க இந்தத் தொழிலுக்கு அவள் ஒருத்திதான். வீட்டில் வாய்விடவும் முடியாது, பிள்ளைகள் சொன்னது வெளியே போகக்கூடாது.

அதனால் வீட்டில் வேறு ஒன்று நடந்தது.

"குழம்புல உப்பு கம்மியா இருக்கு" என்றான் கணவன்.

"அது உங்களுக்குள்ள ஒரு ஏமாற்றத்தை உண்டாக்குதுன்னு புரியுது. அதப்பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"உப்பு எடும்மா. அவ்வளவுதான் சொல்லணும்."

அன்றைக்கு அவள் சாப்பிடாமலே எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதாள். கணவன் உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். "இந்த வேலை வேணாம்மா உனக்கு" என்றான். அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு முன்பு இருந்தவரும் போய்விட்டார், அவருக்கு முன்பு இருந்தவரும் போய்விட்டார். செய்தி கல்வி அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து தக்கவைப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். போகிறவர்களைப் போகாமல் நிறுத்துவது அவர் வேலை. அதற்கு முன்பு ஒரு கைபேசிக் கம்பெனியில், இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று போன் போடுகிறவர்களிடம் பேசி மனத்தை மாற்றுகிற பிரிவில் இருந்தவர். கெட்டிக்காரர் என்று பெயர்.

"வணக்கம் மேடம். எங்களை விட்டுப் போகணும்னு முடிவெடுத்ததுக்கு என்ன காரணம்? கட்டணமா, சிக்னலா?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிக்கணும், வாய்ப்பழக்கம்."

"கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும் சார். கஷ்டமான பிள்ளைங்களப்பத்தி இதே தொழில்ல இருக்கறவங்ககிட்ட பேசிக் கேட்டுக்க வழி வேணும். அவ்வளவுதான்."

அதிகாரி தலையாட்டினார். "இன்னும் ஆறு மாசம் இருந்தீங்கன்னா ஒரு குடை தரலாம்."

"குடையா?"

"மடக்குக் குடை மேடம்."

அவள் வேண்டாமென்றாள். அதிகாரி அரைமனசாக எழுந்து போனார். போனவர் அவள் கேட்ட இரண்டையும் மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறார். தாழ்ப்பாளும் பேச்சும் சேர்ந்து கடைசியில் ஒரு பயிற்சி நாளாக உருவெடுத்தன. வட்டாரத்திலுள்ள எல்லாப் பள்ளிக் கவுன்சிலர்களும் விடுமுறை நாளில் அலுவலகத்து மேல்மாடிக் கூடத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலைப்பு, 'மனச்சோர்வின்றிப் பணியாற்றுவது எப்படி?' காலையிலிருந்து சாயங்காலம் வரை, இடைவேளை இல்லாமல்.

முந்தைய பயிற்சிகளில் தேநீர் வந்ததும் பாதிப் பேர் நழுவிவிடுவது வழக்கம். இந்தத் தடவை தக்கவைப்பு அதிகாரியே முன்னின்று நடத்தினார். எல்லாரும் உட்கார்ந்ததும் கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கக் கீழே போனார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் மூச்சுப் பயிற்சியில் கரைகண்டவராம். திரையில் படம் காட்டி, நெஞ்சை நிமிர்த்தி, "எந்த நெருக்கடியிலும் மூச்சு நம்ம கைக்குள்ள இருக்கணும்" என்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் கழிப்பறை போக எழுந்து கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. கழிப்பறை கூடத்துக்குள்ளேயே பின்பக்கம் இருந்ததால் அந்த அம்மாளுக்கு ஒன்றும் மோசமில்லை. மோசம் பயிற்சியாளருக்குத்தான்.

"பூட்டியா இருக்கு?" என்றார். முகம் வெளிறியது. மூச்சு கையைவிட்டுப் போனது. மைக்கைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், கூடமே பாய்ந்தது. இருந்த கவுன்சிலர்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்து நின்று, ஒரே கனிவோடு தலையைச் சாய்த்து, "நாங்க கேட்டுக்கிட்டிருக்கோம், சொல்லுங்க" என்றார்கள். மிரண்டுபோன மனுஷர் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். நல்லவேளையாகக் கொஞ்ச நேரத்தில் அங்கேயே தூங்கிப்போனார்.

மிஸ் அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"லிப்டுல மாட்டிக்கிட்டேன் மேடம்" என்றது அதிகாரியின் குரல். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. சாப்பாடெல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

"சாவி?"

"அதுவும் எங்கிட்டதான்."

காவலாளி கதவுக்கு வெளியே வந்து, "பூட்ட ஒடச்சிரட்டுமா?" என்று கத்தினார். அதிகாரி அதைப் போனில் கேட்டுப் பதறினார். "ஆபீஸ் பூட்டு மேடம். உடைக்கணும்னா மேலதிகாரி அனுமதி வேணும். அவரு லீவு." லிப்ட் மெக்கானிக் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார் என்று காவலாளி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். யாராவது பேசட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். எதிரே இருப்பவர் பேசும்வரை அமைதியாக இருப்பதில் எல்லாருமே தேர்ந்தவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் அன்போடு பார்த்தபடி ஊமைக்கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. மேசைக்கடியில் குறட்டை கேட்டது.

கடைசியில் தோற்றவர் பஸ் டிப்போ பக்கத்துப் பள்ளிக்காரர். டிப்போ சார் என்று கூப்பிடுவார்கள். பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டவர் மெல்லாமலே அழ ஆரம்பித்தார். "ஒரு பையன். பேரு வேணாம். போன வாரம் எங்கிட்ட ஒண்ணு சொன்னான். நான் சொன்ன பதில் சரியா தப்பான்னு அன்னிலேர்ந்து தூக்கமில்ல."

யாரும் தலையைச் சாய்க்கவில்லை. "என்ன பதில் சொன்னீங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் நேராகவே கேட்டார். அவர் சொன்னார். "தப்பில்ல சார், ஆனா இன்னொண்ணும் சொல்லியிருக்கலாம்" என்றார் ஒருவர். "நானும் அதேதான் சொல்லியிருப்பேன்" என்றார் இன்னொருவர். அந்த மனுஷர் பிஸ்கட்டை மென்று விழுங்கினார்.

அதற்கப்புறம் மடை திறந்தது போலத்தான். மிஸ்ஸும் எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க உட்காருவீங்க?" என்று கேட்டார் டிப்போ சார்.

"எதிர்லதான்."

"எதிர்ல உட்கார்ந்து மூஞ்சியப் பார்த்தா யாருக்கு மேடம் பேச வரும்? இப்ப நம்மளே பேசாமத்தானே கெடந்தோம்! பக்கத்துல உட்காருங்க. கைக்கு ஏதாவது வேலை குடுங்க. பேச்சு வரணும்னு காத்துக்கிட்டிருக்காதீங்க."

நடுவில் லிப்டிலிருந்து போன் வந்தது. இருட்டாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றார் அதிகாரி. போனை நடுவில் வைத்து அவரையும் பேச விட்டார்கள். இந்த வேலைக்கு வந்து இன்றுவரை ஒருத்தரைக்கூடத் தக்கவைக்க முடிந்ததில்லை, தானே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருக்கிறது என்று அவர் விம்மினார்.

"ஒரு பொட்டலத்தப் பிரிச்சுச் சாப்பிடுங்க சார். மத்தத வெளிய வந்து பேசலாம்" என்றாள் மிஸ். அன்றைக்கு முழுக்க அவள் யாரிடமும் 'புரியுது' என்று சொல்லவேயில்லை.

மெக்கானிக் வந்து லிப்டை இறக்கியதும் அதிகாரி படியேறி ஓடிவந்து கதவைத் திறந்தார். எல்லாரும் பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள் என்று ஒதுங்கி நின்றார். ஒருத்தரும் அசையவில்லை.

"ஒரு அரை மணி நேரம் கழிச்சு வாங்க சார். பேச்சு பாதியில இருக்கு" என்றார்கள். "சாப்பாட்ட மட்டும் வச்சுட்டுப் போங்க."

பயிற்சியாளர் மட்டும் மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியேறினார்.

அலுவலகம் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. ஒருவர்கூட நழுவாத முதல் பயிற்சி என்று பாராட்டு வந்தது. இனி எல்லாப் பயிற்சிகளையும் பூட்டியே நடத்த வேண்டும், முடிந்தால் லிப்டையும் நிறுத்திவைக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. மிஸ் நேராக அதிகாரியிடம் போனாள்.

"பூட்டும் வேணாம், பயிற்சியாளரும் வேணாம். மாசம் ரெண்டு வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்த எங்களுக்குக் குடுங்க. நாங்களே பேசிக்கறோம்."

அதிகாரி யோசித்தார். "மேலிடத்துல 'பூட்டிய பயிற்சி'ன்னுதான் சொல்ல முடியும் மேடம்."

"என்னமோ சொல்லிக்குங்க. கதவு திறந்திருந்தா போதும்."

வேலையை விடும் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. தலைமையாசிரியர் பயந்து பயந்து கேட்டபோது, "இப்போதைக்கு இருக்கேன் சார்" என்றாள். மடக்குக் குடை தானாக வந்து சேர்ந்தது. விரித்தால் மடங்கவில்லை.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்புப் பெண் வந்தபோது மிஸ் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். காற்றுப்போன பந்துகளையும், ஊசி மாட்டிய காற்றடிக்கும் பம்பையும் நடுவில் வைத்தாள். ஒன்றும் பேசாமல் காற்றடித்தாள். ஒருத்தி பந்தைப் பிடிக்க, ஒருத்தி அடிக்க, மணி அடித்ததும் எழுந்து போனார்கள். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே. பள்ளிக்கூடத்துப் பந்தெல்லாம் கல் மாதிரி ஆகிவிட்டது என்று விளையாட்டு வாத்தியார் புலம்பினார். காற்றுப்போன பந்து தீர்ந்துபோனதும், அடித்த பந்துகளிலேயே காற்றைப் பிடுங்கிவிட்டு மிஸ் மறுபடி அடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"பேசிட்டா."

"என்ன சொன்னா?" கூடம் முழுக்க முன்னால் சாய்ந்தது.

"'மிஸ், ஊசிய எச்சில் தொட்டுச் சொருகணும், இல்லன்னா கிழிஞ்சிரும்'னா."

"நீங்க?"

"தொட்டுச் சொருகுனேன்."

டிப்போ சார் கைதட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், வட்டத்தின் அந்தக் கோடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தவள் தயங்கித் தயங்கி, "எங்கிட்டயும் ஒருத்தன் இருக்கான்" என்றாள். மிஸ் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டாள்.