குறுக்குப் பாதைப் பாட்டு

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆன மாசியில், திம்புள்ளைத் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதனாக ஆடிய சோலைமலை சரிந்து விழுந்தான். "என்னமா விழுறாரு பாருங்க" என்று லயத்துக் குடியிருப்பே மெச்சியது. மெச்சட்டும், பாவிகள். எரிந்த மன்மதனைக் கூத்து முடியும்வரை தொடக்கூடாது. விடிந்து எழுப்பப் போனால், வாய் கோணி, வலக்கை விளங்காமல் கிடந்தான்.

"மூளையில ரத்தம் அடைச்சிருச்சும்மா. வார்த்தை உள்ளதான் இருக்கு, வாய்க்கு வர்ற ரோட்டுலதான் மண்சரிவு" என்றார் மருந்து கொடுக்கும் றோலண்ட் ஐயா.

"என்னைய தெரியுதாங்க அவருக்கு?" என்று கேட்டாள் அவன் மனைவி சண்முகவடிவு. அது தனக்குத் தெரியாது என்றார் ஐயா.

தண்ணீரைக் காட்டினால் "கூடை" என்றான் சோலைமலை. சோற்றையும் கூடை என்றான். கடைசியில் அவளையும் கூடை என்றான்.

மூன்றாம் நாள் மன்மதனை உயிர்ப்பிக்க வேண்டும். எரிந்தவனே எழ வேண்டுமென்று அவனை நாற்காலியோடு காமன் பொட்டலுக்குத் தூக்கிப் போனார்கள். பட்டப்பகலிலேயே பனிமூட்டம், தப்பு மேளச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ரதி வேஷம் கட்டிய கந்தப்பன் நண்பனின் முகத்தைப் பார்த்ததும் பாடமாட்டாமல் அழுதுவிட்டான். கூத்தில் பெண்கள் பாடுவதில்லை. ஆனாலும் பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், வடிவின் குரல், எழுந்தது.

"எங்க போனீரு, என் ராசா..."

"இங்கதானே இருக்கேன், ரதியே..."

சோலைமலைதான். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. தப்பு நின்றது. மறுபடி "கூடை" என்றான்.

ரோடு சரிந்தால் என்ன, தேயிலைக்குள் குறுக்குப் பாதை இல்லையா? அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் பாட்டாகவே கேட்டாள். "தண்ணி வேணுமா, ராசா?" என்று அவள் இழுத்தால், "வேணும், ரதியே" என்று அவன் இழுப்பான்.

"தெனமும் கூத்துதான் போல" என்று பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு கேலி செய்தாள். வடிவும் சிரித்தாள். ஆனால் அவன் கூப்பிடுவது ரதியை. தன்னைத் தெரியுமா என்பது தெரியாமல் அவள் உள்ளுக்குள் வெந்தாள். நன்றாக இருந்த காலத்திலும் "ஏ புள்ள" என்பானே தவிர, பேர் சொல்லி அழைத்ததில்லை.

ஒரு விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டினாள். அடிக்கு அடி இசைந்து பின்னாலிருந்து குரல் வந்தது.

"பனியில... பாத்துப் போ... வடிவு..."

கூடையை இறக்கிவைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிந்திப் போனதற்குக் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளம்தான் போட்டார். போடட்டும்.