சோதனைக்குச் செய்த கண்ணீர் அஞ்சலி

தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தச் சுவரில் எழிலன் தன் முகத்தைப் பார்த்தான். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே அவன் பெயர். பசை இன்னும் காயவில்லை. போனை உள்ளே விடாத கன்டெய்னர் யார்டில் இரவு வேலை முடித்து வந்த கண்கள். தேய்த்துவிட்டுப் பார்த்தாலும் அதே முகம்தான். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் போஸ்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

போஸ்டரை இரண்டாம் முறை படித்த பிறகுதான் தவறு எங்கே நடந்தது என்று புரிந்தது.

அவன் மனைவி மகிழினி வீட்டிலேயே கம்ப்யூட்டரில் சாவு போஸ்டர் செய்து கொடுப்பவள். போட்டோ கொண்டு வருகிறவர்கள் பென் டிரைவில் வைரஸையும் சேர்த்துக் கொண்டு வந்தார்கள். விண்டோஸ் அடிக்கடி படுத்துக்கொண்டது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட எழிலன், அதற்குப் பதில் வைரஸ் அண்டாத லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று இறங்கினான். லினக்ஸில் பல வகை. முதலில் போட்ட ஃபெடோராவில் ஓயாமல் அப்டேட் வந்து எதையாவது கலைத்தது. அடுத்துப் போட்ட உபுண்டு நன்றாகத்தான் ஓடியது. புதுப் பதிப்புக்கு மாற்றியதும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மகிழினி கேட்டது ஒன்றுதான்: “நேத்து இருந்த எடத்துல இன்னிக்கும் இருக்கணும்.” கடைசியில் டெபியன் என்ற வகை. எல்லாம் கொஞ்சம் பழசு, ஆனால் அசையாது. “நான் இல்லாட்டியும் இது பாட்டுக்கு ஓடும்” என்று சொல்லி நேற்று மாலை போட்டுக் கொடுத்தான்.

தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்க்க ஒரு போஸ்டர் செய்தான். கைக்குக் கிடைத்த போட்டோ அவனுடையது. பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தவன் அழிக்க மறந்து வேலைக்குப் போய்விட்டான். அதே டிரைவில் மகிழினி யாரோ ஒரு பெரியவரின் போஸ்டரை ஏற்றி, அச்சகத்து பக்தவச்சலத்திடம் கொடுத்திருக்கிறாள். டிரைவில் இருப்பதையெல்லாம் அச்சடித்து, விடிவதற்குள் ஒட்டிவிடுவது அவர் வழக்கம். சாவு வீட்டுக்காரர்களை இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் மரியாதை. பகலெல்லாம் தூங்குகிற எழிலனின் முகம் அவருக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு கெங்கம்மா அவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“அடப்பாவி, உயிரோட கீறியா? மாலைக்கு ஆள அனுப்ச்சிட்டேனே.”

மகிழினி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எழுந்து வந்து அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

எழிலன் நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவனுக்குக் கோபம் வந்தது.

“ஏரியாவுல பாதி போஸ்டரு நீ செய்றது. இத யாரு செஞ்சதுன்னு ஒரு சந்தேகம் வரல உனக்கு?”

“கம்ப்யூட்டர்ல பாத்தேன். நீ செஞ்சதுன்னு தெரியும்.”

“அப்புறம்?”

“நீயே செஞ்சி வச்சிட்டு சாவப் போய்ட்டன்னு நெனச்சேன்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் இல்லாட்டியும் ஓடும்ன. பாஸ்வேர்டெல்லாம் சொல்லிக் குட்த்த. ரெண்டு வருசமா யார்கூடவும் பேசறதில்ல, பகல்லாம் செவுத்தப் பாத்துகினு படுத்துகினு கீற. இன்னிக்கா நாளைக்கான்னுதான நான் இருந்தேன்.”

சுவரில் தன் சாவைப் பார்த்தபோதுகூட அது தப்பு என்று எழிலனுக்குத் தெரியும். இவளுக்கு அது தப்பாகத் தெரியவேயில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்த செய்தி, வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஒரே அறையில் படுத்துக்கொண்டு இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தான்?

“அந்த நெனப்பு கீதா உனக்கு?” என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். உடனே வரவில்லை. அது அவனையே உலுக்கியது.

“இல்ல,” என்றான் கடைசியில். “செத்துப்போணும்னு இல்ல. எதுவுமே தோணல. அதுதான் பேஜாரு.”

மகிழினி அவன் தோளிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கி வைத்தாள்.

“இன்னிக்கி நைட்டு வேலைக்குப் போவாத.”

“சரி.”

“நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு என்கூட வா. டாக்டராண்ட இத அப்டியே சொல்லு.”

“சரி” என்றான். தான் சொன்னதை நம்ப முடியாமல் இன்னொரு முறையும் சொன்னான்.

வாளியில் தண்ணீரும் பழைய தோசைக் கரண்டியும் எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை வாயில் வைத்தபடியே பார்த்தார்கள்.

“செத்தவனே வந்து கிழிக்கிறான்டா” என்றான் ஒருவன்.

எழிலன் கரண்டியை போஸ்டரின் மேல் விளிம்பில் வைத்தான்.

“கீழருந்து வா,” என்றாள் மகிழினி. “மொதல்ல பேர எடு.”