விருந்துக்குப் பின் வாக்கெடுப்பு

1
இந்தக் கதை ஓர் அறிவிப்புத் தாளில் கிடைத்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில், நான் இருபது வருடமாகப் போகும் லூத்தரன் கிறிஸ்தவ சபையில், ஜூலையில் அச்சடித்தது: 'ஞாயிறு ஆராதனைக்குப் பின் விருந்து. விருந்துக்குப் பின், போதகரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று வாக்கெடுப்பு. சாலட் கொண்டுவருவோர் கரண்டியும் கொண்டுவரவும்.'

2
முதல் தொடக்கம்: 'சிலுவையருகே நின்ற தேசியக் கொடியைக் காணவில்லை! தரையெல்லாம் சிவப்பாக...'

(அடித்துவிட்டேன். அது கீழே கொட்டிய ஜெல்லி சாலட். கொடியும் காணாமல் போகவில்லை. "கர்த்தருக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது" என்று சொல்லி, போதகர் சோல்வே பிரான்வால்ட் அதைச் சாப்பாட்டு மண்டபத்துக்கு நகர்த்தியிருந்தார். ஓட்டில் தோற்றால் அவர் மாதக் கடைசியில் சபை தந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும்.)

3
வில்லன் வெர்லின் டோலஃப்சன். போரில் இறந்த தம்பி நினைவாகக் கொடியைக் கொடுத்தவர்.

(வில்லன்தானா? போன ஜனவரியில் என் வாசல் பனியைக் கேட்காமலே அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். நான் எழுதும் தொடர்கதைக்கு இது ஆகாது.)

"எனக்குக் கோபமில்ல, பாஸ்டர்."

"மூணு வாரமா அதையேதான் சொல்றீங்க, வெர்லின்."

"பிரசங்கத்துல நீங்க அரசியல் பேசறீங்க."

"அந்நியனைச் சேர்த்துக்கோன்னு இயேசு சொன்னதை வாசிச்சேன். அவ்வளவுதான்."

"வெளிநாட்டுக்காரங்களை வச்சே நடந்த போன தேர்தலுக்கப்புறம் அது அரசியல்!"

"கொடி முன்னாடி யாரும் மண்டியிடக் கூடாதுன்னு நினைச்சேன்."

"யாரு மண்டியிடறா? இங்க எல்லாருக்கும் ஆபரேஷன் பண்ணின முட்டி!"

4
காலியான உருளைக்கிழங்குத் தட்டில் நாற்பத்து நான்கு சீட்டுகள். எண்ணியவன் நான். 'இருக்கட்டும்' இருபத்திரண்டு. 'போகட்டும்' இருபத்திரண்டு.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லவோன், போதகர் கட்சியின் தலைவி, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"வெர்லின்! 'இருக்கட்டும்'னு இருக்கு, இது உன் கையெழுத்துதானே?"

வெர்லின் காது சிவந்தது. "பாஸ்டருக்கு ஒரு ஓட்டாவது விழணுமே, பாவம். எப்படியும் நாங்கதானே ஜெயிப்போம்னு..."

"அடப்பாவி! நீ தோத்தா மூஞ்சி தொங்கிடுமேன்னு நான் 'போகட்டும்'னு எழுதித் தொலைச்சேன்!"

மண்டபம் காப்பிக் கோப்பைகளுக்குள் பார்த்தது. பிறகு ஒரு கை மெல்ல உயர்ந்தது. "நானும் அப்படித்தான், மன்னிச்சுக்கோங்க." இன்னொரு கை. அப்புறம் ஒன்பது. அதற்குமேல் நான் எண்ணவில்லை.

"அப்போ எனக்கு வேலை இருக்கா, இல்லையா?" என்றார் போதகர்.

5
முடிவு ஒன்று: வெர்லின் கொடியைத் தூக்கிக்கொண்டு... (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து... (லூத்தரன்கள் கைகுலுக்கவே கூச்சப்படுபவர்கள். நடக்காது.)

உண்மையில் ஒரு சீட்டு மிச்சம். எண்ணுகிற மும்முரத்தில் நான் ஓட்டுப் போடவில்லை. லவோன் பென்சிலை என்னிடம் நீட்ட, வெர்லின் மூச்சைப் பிடித்து நிற்க, போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள...

நான் வெர்லின் பனி அள்ளித் தந்த வாசலுக்குச் சொந்தக்காரன்; போதகர் சொன்னதை நம்புபவன். சீட்டை உங்களிடம் தள்ளுகிறேன். உங்களுக்கு ஒரே நிபந்தனை: மரியாதைக்காக எழுதக் கூடாது.