ஒரு வகுப்பு குறைவு

பழைய செருப்புத் தொழிற்சாலை இருந்த கட்டடத்தில்தான் எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரி நடக்கிறது. அதன் கீழ்த்தளத்தில், நாற்பது வயதுக்கு மேல், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். மாடியில் என் மகள் ரெய்லின் கல்லூரிக் கணக்குப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே. எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் இப்படிக் காசில்லாமல் கல்லூரி வகுப்புக்குப் போகலாம். காலையில் பள்ளி, மதியம் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது இரண்டாண்டுப் பட்டமும் கையில் வந்துவிடும். நான் கூரை போடுகிறவன். ஒருமுறை ஏணி சாத்தி இரண்டு வேலையை முடித்தால் அதைக் கெட்டிக்காரத்தனம் என்போம்.

பெரிய இடங்களில் அதற்கு வேறு பெயர் போலிருக்கிறது.

ரெய்லினுக்குப் பாலம் கட்டும் படிப்பு படிக்க ஆசை. அதற்குக் கிழக்கே ஒரு கல்லூரியைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வந்து நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று ஆண்டுதோறும் பெருமையாக அறிவிக்கிற கல்லூரி. ஆளை விரட்டியதைச் சொல்லி விளம்பரம் செய்யும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அங்கே எல்லாம் இலவசம். அதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். நானும் ஒருமுறை விரல் வைத்துப் படித்தேன். பொய் இல்லை.

விண்ணப்பம் போன பிறகு, ஜனவரியில், பள்ளி ஆலோசகர் திருமதி லிண்ட்க்விஸ்ட் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பட்டத்துக்கு ரெய்லின் முடிக்க வேண்டியது புள்ளியியல் வகுப்பு ஒன்றுதான். அதை விட்டுவிடச் சொன்னார். பட்டத்தோடு வருகிற பிள்ளையை அந்தக் கல்லூரி அரைக் கிழவியாகப் பார்க்குமாம். தாங்களே வளர்த்து ஆளாக்கினோம் என்று சொல்லிக்கொள்ளப் பச்சைப் பிள்ளை வேண்டுமாம்.

"அவங்களுக்குப் பிசையறதுக்கு மாவு வேணும், மிஸ்டர் ஸ்ட்ரௌட். வெந்த ரொட்டிய வச்சிக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"சாப்பிடலாமே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இப்படி எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இதையெல்லாம் எழுத மாட்டார்கள், நாமே புரிந்துகொள்ள வேண்டும் என்றார். எழுதியதைப் படிக்கவே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. இவர்கள் எழுதாததை எப்போது படிப்பது?

திரும்பும்போது வண்டியில் ரெய்லின் சொன்னாள்: "நீ எதுவும் பேசாதப்பா. உனக்கு அந்தக் காலேஜ்காரங்களக் கண்டாலே ஆகாது."

"ஆகாதுதான். முடிக்கப்போற வேலைய முடிக்காதேன்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் எனக்கு ஆகாது."

"ஒரு வகுப்புதானே."

"பாதிக் கூரையில இறங்கினவனும் அப்படித்தான் சொல்லுவான். மழ வரட்டும், தெரியும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் புள்ளியியலை விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் கொலம்பஸ் நகரத்துக் காபிக் கடையில் நேர்காணல். கேள்வி கேட்பவர் அதே கல்லூரியில் எப்போதோ படித்த பல் மருத்துவர். படித்து முடித்து இருபது வருடமாகியும் அதன் பெயர் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றாத மனிதர். பெற்றோர் கூட உட்காரக் கூடாது என்பது வழக்கம். நான் அடுத்த மேசையில், தார் ஏறிய கையைக் கோப்பையைச் சுற்றி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரிப் பாடமெல்லாம் நிஜமான கல்லூரிப் பாடம் மாதிரி இருக்குமா என்று அவர் அவளைக் கேட்டார். அதே புத்தகம்தான், அதே கணக்குதான் என்று ரெய்லின் சொன்னாள். காலைத் தூக்கிக் கொடுக்கும் நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படிச் சிரித்தார். என் மகள் தலையைக் குனிந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மார்ச்சில் கல்லூரியே கேட்டு எழுதியது. புள்ளியியலை ஏன் விட்டாய்? கடைசி வருடத்தில் பாரத்தைக் குறைத்துக்கொள்கிற மாணவர்களைப் பற்றி எங்களுக்குத் தயக்கம் உண்டு. இதுதான் விஷயம். முடித்தால் முற்றிப்போனவள், முடிக்காவிட்டால் சோம்பேறி. இந்தப் புத்தியை வளர்க்கத்தான் கொடிபடர்ந்த கட்டடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

திருமதி லிண்ட்க்விஸ்ட் தொலைபேசியில் வழி சொன்னார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வீட்டைக் கவனிக்க வேண்டியிருந்தது என்று எழுதினால் போதும். இப்படிப்பட்ட கதைகள் அவர்களுக்குப் பிடிக்கும் என்றார்.

ரெய்லின் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு முட்டி வலி இருக்குல்லப்பா?"

"இருக்கு."

"அத எழுதட்டுமா?"

"எழுது. ஆனா என் முட்டி உன் கணக்க எப்பத் தடுத்துச்சுன்னு காலேஜ்காரன் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு தட்டினாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். "பட்டம் முடித்தவர்களை உங்களுக்குப் பிடிக்காது என்று சொன்னார்கள். நம்பினேன். வேறு காரணம் இல்லை." அவ்வளவுதான் இருந்தது. இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன என்று எனக்கே தோன்றியது. அதற்குள் அனுப்பிவிட்டாள்.

மாதக் கடைசியில் பதில் வந்தது. இந்த ஆண்டு அற்புதமான பிள்ளைகள் ஏராளமாக வந்துவிட்டதால் இடம் தர முடியவில்லை என்று, மிகுந்த வருத்தத்தோடு.

மே மாதம் முதல் நாள் பள்ளியில் எல்லாரும் தாங்கள் போகப்போகும் கல்லூரியின் சட்டை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது வழக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் அவளை எடுத்துக்கொண்டது. படித்ததையெல்லாம் கணக்கில் சேர்த்து, விட்ட வகுப்பைக் கோடையில் முடித்தால் நேரே மூன்றாம் வருடம். அதன் சட்டையை நான் வாங்கி வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவில்லை. போட்டோவுக்கும் போகவில்லை.

ஜூனில் மறுபடி செருப்புத் தொழிற்சாலைக் கட்டடம், அதே புள்ளியியல். அந்தக் கிழக்குக் கல்லூரியிலிருந்து பளபளப்பான புத்தகம் ஒன்று வந்தது. எங்களைப் பற்றி நீ யோசித்ததுண்டா என்று அவள் பெயர் போட்டே கேட்டிருந்தார்கள். விரட்டின பிள்ளையின் பெயரைக்கூடப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. தார் வாளிக்கு அடியில் போட்டுப் பார்த்தேன். வழுக்குகிறது. அதற்கும் உதவவில்லை.

ஆகஸ்டில் கடைசித் தேர்வு எழுதி வந்து வண்டியில் ஏறினாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

சாவியைத் திருகினேன். கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் அந்தக் காலேஜ் மேல ஆசை போகலப்பா."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. இந்த வருடம் முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் வாய்வரை வந்தது.

"சரி" என்றேன். "பெல்ட்டப் போடு."